கூரையில் ஒன்பது பேர், பாலிசியில் மூன்று பேர்

கேள்வி: ஐயா, திருப்பூரில் ரூஃபிங் ஷீட் போடும் ஒப்பந்த வேலை எடுத்துச் செய்கிறேன். பனியன் கம்பெனி ஷெட், குடோன், மொட்டை மாடிக் கூரை எல்லாம் செய்வோம். என்னிடம் ஒன்பது பேர் இருக்கிறார்கள். மில்களில் டபிள்யூசி (தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு) பாலிசி கேட்பதால் மூன்று பேர் பெயரில் மட்டும் எடுத்து, ஆண்டுக்கு 17,000 ரூபாய் கட்டுகிறேன். எல்லோருக்கும் என்றால் 52,000 என்றார்கள். சென்ற ஆண்டு பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரையை மாற்றும்போது 30 வயதுத் தொழிலாளி ஒருவர் ஷீட் உடைந்து விழுந்துவிட்டார். பாலிசியில் அவர் பெயர் இல்லை. மனைவி நகையை அடகு வைத்து 4 லட்சம் செலவழித்தேன். ஒரு வட்டி, இதுவரை வட்டி மட்டுமே கட்டியிருக்கிறேன். அவருடைய கால் இன்னும் சரியாகவில்லை. இனி எதுவும் கேட்க மாட்டேன் என்று முத்திரைத்தாளில் எழுதி வாங்கியிருக்கிறேன். மைத்துனர் மூலம் யூலிப்பில் (ஆயுள் காப்பீடும் பங்குச் சந்தை முதலீடும் சேர்ந்த திட்டம்) ஆண்டுக்கு ஒரு லட்சம் போடுகிறேன். இரண்டு தவணை முடிந்தது. 'இதிலேயே எல்லாப் பாதுகாப்பும் இருக்கிறது' என்கிறார் அவர். தொழில் காப்பீட்டில் போடும் பணம் திரும்பி வராது அல்லவா? எடுக்கத்தான் வேண்டுமா?

பதில்: மில் வாசலில் காட்டுவதற்கென்றே பாலிசி எடுக்கிறீர்கள். உங்கள் தொல்லை அத்தனையும் அந்தப் பழக்கத்திலிருந்து வந்தது. ஆறு பேரை விட்டதில் ஆண்டுக்கு 35,000 ரூபாய் மிச்சம் பிடித்தீர்கள். 4 லட்சத்துக்கு ஒரு வட்டி என்றால் மாதம் 4,000, ஆண்டுக்கு 48,000. ஒன்பது பேருக்கும் சேர்த்துக் கட்டவேண்டிய பிரீமியத்தை ஏறக்குறைய முழுவதுமாக அடகுக் கடையில் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். அசல் அப்படியே இருக்கிறது. திரும்பி வராத பணம் எது என்று நீங்களே சொல்லுங்கள்.

அவர் உயிர் பிழைத்தது உங்கள் நல்ல காலம். தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923-ல் வந்தது. இப்போது 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் சேர்ந்துவிட்டது. கணக்குப் போடும் முறை பழையதுதான். மரணம் என்றால் மாதச் சம்பளத்தில் பாதியை, வயதுக்கென்று சட்டத்தின் அட்டவணை தரும் எண்ணால், அதாவது காரணியால், பெருக்க வேண்டும். 2020 ஜனவரியில் நிர்ணயித்த 15,000 ரூபாய் சம்பள உச்சவரம்பை வைத்துப் பார்த்தால் பாதி 7,500. 30 வயதுக்குக் காரணி 207.98. பெருக்கினால் சுமார் 15.6 லட்சம். அதற்கு எத்தனை பவுன் அடகு வைப்பீர்கள்? விபத்தில் அடிபட்டவரின் சிகிச்சைச் செலவும் சட்டப்படி முதலாளியுடையதே. தொழிலாளி மில்காரரிடமிருந்து இழப்பீட்டைப் பெற்றாலும் அதை உங்களிடம் வசூலித்துக்கொள்ள மில்காரருக்கு உரிமை உண்டு. பாலிசியை அவர் அவ்வளவு கண்டிப்பாகக் கேட்பது அதனால்தான்.

முத்திரைத்தாளை நம்பி இருக்காதீர்கள். இழப்பீட்டு உரிமையைத் தொழிலாளி எழுதிக் கொடுத்துவிட்டாலும் அந்த எழுத்து செல்லாது. விபத்து நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் அவர் மனுக் கொடுக்கலாம். நீங்கள் இதுவரை கொடுத்தது மருத்துவச் செலவு மட்டுமே. காலில் நிரந்தர ஊனம் என்றால் அதற்கான இழப்பீடு தனி. ஒரு தொழிலாளர் சட்ட வழக்கறிஞரைப் பார்த்து, இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்கும் அதிகாரி முன்பு முறையாகப் பதிவு செய்து தீர்த்துக்கொள்ளுங்கள். தாமதித்தால் 12 சதவீத வட்டி ஏறும், அபராதமும் விழலாம்.

புதிய பாலிசியைப் பெயர் வாரியாக எடுக்காதீர்கள். உங்கள் தொழிலில் இன்றிருக்கும் ஆள் நாளை வேறு மேஸ்திரியிடம் போய்விடுவார். ஆள் எண்ணிக்கையையும் கூலியையும் உள்ளபடி சொல்லி எடுங்கள். குறைத்துச் சொன்னால் கோரிக்கைத் தொகையை வெட்டுவார்கள். வேலை உயரத்தில் நடக்கிறது என்பதை விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். மருத்துவச் செலவுக்கான கூடுதல் பாதுகாப்பைக் கேட்டு வாங்குங்கள். பல பாலிசிகளில் அது தானாக வராது. நீங்களும் கூரையில் ஏறுகிறவர்தானே? முதலாளியான உங்களை இந்தப் பாலிசி தொழிலாளியாகக் கருதாது. உங்களுக்குத் தனிநபர் விபத்துக் காப்பீடு வேண்டும்.

குடோன் வேலை எடுக்கும்போது இன்னொன்றையும் பாருங்கள். ஷீட்டை வெட்டும் கட்டிங் வீலிலிருந்து தெறிக்கும் ஒரு பொறி, கீழே கிடக்கும் பனியன் வேஸ்டில் விழுந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த இழப்பைத் தொழிலாளர் பாலிசி தொடாது. பெரிய வேலை என்றால், மூன்றாம் நபர் பொறுப்பும் (பிறருக்கு உங்களால் நேரும் இழப்பு) சேர்ந்த ஒப்பந்தக்காரர் பாலிசியை அந்த வேலைக்காலத்துக்கு எடுத்து, செலவைக் கொட்டேஷனிலேயே சேர்த்துவிடுங்கள். ஒழுங்கான பாலிசி இருந்தால் பெரிய மில்களிலும் தைரியமாகக் கொட்டேஷன் கொடுக்கலாம். காப்பீடு இருக்கிறது என்பதற்காக, பழைய ஷீட்டில், கீழே சட்டம் தாங்கும் போல்ட் வரிசையை விட்டு விலகிக் கால் வைக்க யாரையும் விடாதீர்கள்.

இனி யூலிப். அது உங்கள் உயிரின் மேல் எடுத்த பாலிசி. ஷீட் உடைந்து விழுகிற தொழிலாளிக்கு அதிலிருந்து ஒரு ரூபாய் வராது. 'எல்லாப் பாதுகாப்பும் இருக்கிறது' என்று எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது என மைத்துனரைக் காட்டச் சொல்லுங்கள். காப்பீட்டையும் பங்குச் சந்தையையும் ஒரே உறையில் போட்டு விற்பவர்களிடம் எனக்குப் பொறுமை குறைவு. மூன்றாம் தவணையைக் கட்டாமல் நிறுத்தினால் நிறுத்தக் கட்டணம் 4,000 ரூபாயைத் தாண்டாது. மீதிப் பணம் தனி நிதியில் குறைந்த வட்டியில் கிடந்து, ஐந்து ஆண்டு முடிந்ததும் கைக்கு வரும். ஆயுள் காப்பு நின்றுவிடும் என்பதால், டேர்ம் பாலிசி (முதலீடு கலக்காத ஆயுள் காப்பீடு) கையில் கிடைத்த பிறகே அதை நிறுத்துங்கள்.

இதனால் கையில் மிஞ்சும் ஒரு லட்சத்தில், விட்டுப்போன ஆறு பேருக்கு 35,000. மருத்துவக் கூடுதல், உங்கள் விபத்துக் காப்பீடு, டேர்ம் மூன்றுக்கும் வயதைப் பொறுத்து 15,000 முதல் 25,000 வரை ஒதுக்குங்கள். மிச்சமிருக்கும் 40,000 அல்லது 50,000 நகைக்கடனின் அசலுக்குப் போகட்டும். வட்டியில் மாதம் நானூறு ஐந்நூறு உடனே குறையும். யூலிப் பணம் எப்போது கைக்கு வந்தாலும் முதலில் நகையை மீட்டுவிடுங்கள். அதற்குள் மைத்துனர் வேறொரு திட்டத்தோடு வந்தால், ஒன்பது பேருக்குமான பாலிசியை எடுத்து அவர் முன்னால் வையுங்கள்.