பின்பக்கத்துக் காட்டுக்குள் போகலாமா?

தம்பி, அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து வெஸ்ட்பரோவுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது, மனைவியும் ஐந்து வயது மகளும் பகல் முழுக்க அபார்ட்மெண்டுக்குள் அடைந்து கிடக்கிறார்கள், பின்னால் காட்டுக்குள் ஒரு ஒற்றையடிப் பாதை போகிறது, அது யார் நிலம், உள்ளே போனால் வம்பு வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே எந்த பேங்க், எந்த போன் பிளான், பழைய கார் எங்கே வாங்குவது என்றும். அதையெல்லாம் ஆபீசில் பக்கத்து சீட்காரரே சொல்லிவிடுவார். காட்டைப் பற்றி நான் சொல்கிறேன். 2004 ஜனவரியில் இதே ஊரில் வந்து இறங்கி, இதே கேள்வியை யாரிடம் கேட்பது என்று தெரியாமல் ஜன்னலில் நின்றவள் நான்.

போகலாம். பலகையைப் பார்த்துவிட்டுத் தாராளமாகப் போகலாம். நமக்கு நிலம் என்றால் ஒன்று பட்டா, இல்லாவிட்டால் புறம்போக்கு. இங்கே லேண்ட் ட்ரஸ்ட் என்று ஒன்று உண்டு. ஊர்க்காரர்களே சேர்ந்து நடத்தும் அறக்கட்டளை. நிலம் அதன் பேரில் இருக்கும், பெரும்பாலும் யார் வேண்டுமானாலும் நடக்கலாம், டிக்கெட் கிடையாது. சில இடங்களில் நிலம் சொந்தக்காரரிடமே இருக்கும், ஆனால் இனி இங்கே வீடு கட்டுவதில்லை என்று உரிமையைப் பத்திரத்திலேயே எழுதிக் கொடுத்திருப்பார். அவருக்குப் பிறகு யார் வாங்கினாலும் அந்தக் கட்டுப்பாடு தொடரும். லேண்ட் ட்ரஸ்ட் என்ற யோசனை தொடங்கியதே இந்த மாநிலத்தில்தான். 1891-ல் சார்லஸ் எலியட் என்ற இளைஞர் முன்கை எடுத்துத் தொடங்கிய அறக்கட்டளை இன்றும் நடக்கிறது. நம் வெஸ்ட்பரோவிலும் ஒரு லேண்ட் ட்ரஸ்ட் இருக்கிறது. ஊரைச் சுற்றியிருக்கிற காடு, குளம், புல்வெளிகளை இணைத்து ‘சார்ம் பிரேஸ்லெட்’ என்று பாதை போட்டிருக்கிறார்கள். உங்கள் வீட்டுப் பின்பக்கத்துப் பாதையும் அதில் ஒரு கண்ணியாக இருக்கலாம். பாதை தொடங்கும் இடத்தில் பலகை இருக்கும், முதலில் அதைப் படியுங்கள்.

இப்போது முக்கியமான விஷயம். உண்ணி. நம் ஊர் மாட்டு உண்ணி மாதிரி கொழுத்துத் தெரியும் என்று நினைக்காதீர்கள். மே முதல் ஜூலை வரை திரியும் குட்டி உண்ணி கசகசா அளவுதான் இருக்கும். அது கடித்தால் லைம் என்ற நோய் வரலாம். பக்கத்து மாநிலம் கனெக்டிகட்டில் உள்ள லைம் என்ற ஊரின் பெயர்தான் நோய்க்கும். காட்டுக்குப் போனால் பேண்டை சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளுங்கள், பாதையை விட்டுப் புல்லுக்குள் இறங்காதீர்கள். வீட்டுக்கு வந்ததும் போட்டிருந்த துணியை நல்ல சூட்டில் பத்து நிமிஷம் டிரையரில் போட்டுவிட்டுக் குளித்துவிடுங்கள். குழந்தையின் காதுக்குப் பின்னால், முழங்கால் மடிப்பில், இடுப்புப் பட்டையில், தலைமுடிக்குள் விரலால் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தப்புவது விரலுக்குத் தட்டுப்படும். ஒட்டியிருந்தால் மண்ணெண்ணெய், வேப்பெண்ணெய் எதுவும் வேண்டாம். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுங்கள். பொதுவாக ஒரு நாளுக்கு மேல் ஒட்டிக்கொண்டிருந்தால்தான் நோய் தொற்றும். அதனால் அன்றைக்கே பார்த்துவிட வேண்டும்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மூன்றாம் வருஷம் என் கணவருக்குத் தொடையில் ஒரு தடிப்பு வந்தது. புத்தகத்தில் சிவப்பு வளையம் என்று போட்டிருந்தது. நம் நிறத்தில் அது சிவப்பாகத் தெரியவில்லை, அடிபட்ட இடம் கன்றியது போல இருந்தது. போன கிளினிக்கில் சிலந்திக் கடி என்று சொல்லிக் களிம்பு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இரண்டு மாதத்தில் முழங்கால் பலாக்காய் போல வீங்கிக்கொண்டது. பிறகு வேறொரு மருத்துவர் சோதித்து மாத்திரை கொடுத்துச் சரியானது. எனக்கு அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை. ஆகவே தடிப்பு வந்தால், ‘காட்டுக்குப் போனேன், லைமாக இருக்குமா’ என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். ஆரம்ப நாட்களில் ரத்தப் பரிசோதனையில் தெரியாமல் போகலாம். அதை வைத்துச் சமாதானமாகிவிடாதீர்கள்.

அப்புறம், வில்வம் போல மும்மூன்றாக இலை விட்டு மரத்தில் ஏறும் கொடியைத் தொடாதீர்கள். பாய்சன் ஐவி, கொப்புளம் போடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மான் வேட்டைக் காலம், ஆரஞ்சு நிற ஜாக்கெட் போட்டுக்கொள்ளுங்கள்.

‘காட்டுக்குள் போகாதே, துப்பாக்கி வைத்திருப்பான்’ என்று வந்த வாரமே என்னைப் பயமுறுத்தியவர்கள் நம் ஆட்கள்தான். பதினைந்து வருஷம் இங்கே இருந்துவிட்டு நயாகராவுக்கு நாலு தடவை போய்வந்திருப்பார்கள், தெருக்கோடியில் இருக்கும் குளத்தின் பெயர் தெரியாது. ஆஷ்லாந்து கோயில், இந்தியக் கடை, பிறந்தநாள் பார்ட்டி, அதோடு சரி. எனக்கு அது வருத்தம். பிள்ளைகள் வளரும் மண் இது.

என்னை உள்ளே இழுத்துவிட்டது ஒரு பாட்டியம்மா. அந்த ஏப்ரலில் தைரியமாகப் பாதையில் கொஞ்ச தூரம் போனேன். அவர் மண்டிபோட்டு ஒரு செடியைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். இலையைக் கசக்கி என் மூக்கருகே நீட்டினார். பூண்டு வாசம். வெளியிலிருந்து வந்த செடி, காட்டுப் பூக்களை வளரவிடாது, வேரோடு எடுக்க வேண்டும் என்றார். அவர் பேசியதில் பாதிதான் புரிந்தது. ஆனால் பவானியில் என் அம்மாச்சி வயலில் களை எடுத்த கைதான் அது. நானும் உட்கார்ந்து பிடுங்கினேன். இந்த ஊரில் கணவரையும் மகளையும் தவிர வேறொருவரோடு நான் ஒரு மணி நேரம் இருந்தது அன்றுதான் முதல் தடவை.

இரண்டு வருஷம் கழித்து என் மகளையும் என்னையும் ஒரு மழை இரவில் கூப்பிட்டார். மார்ச் கடைசியில் முதல் வெதுவெதுப்பான மழைக்கு, பார்க்கப் பல்லி மாதிரி இருக்கும் சாலமாண்டர்கள் குளிர்கால வளையிலிருந்து வெளியே வந்து, வசந்தத்தில் மட்டும் நீர் தேங்கும் மீனில்லாத குட்டைகளுக்கு முட்டையிடப் போகும். வழியில் ரோடு. டார்ச்சோடு நின்று ஒவ்வொன்றாக எடுத்து அந்தப் பக்கம் விட்டோம். கருப்பு உடம்பில் மஞ்சள் பொட்டுகள். ஈரக் கையில் வைத்தபோது அது விரல்களை விரித்துத் தள்ளியதை மகள் இன்றும் சொல்வாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கான்கார்டு என்ற ஊருக்குப் போய்வாருங்கள். அசபெட், சட்பரி என்ற இரண்டு ஆறுகளும் பிறப்பது நம் வெஸ்ட்பரோவின் சதுப்பு நிலங்களில்தான். தனித்தனியாகச் சுற்றிப் போய் அங்கே எக் ராக் என்ற பாறையடியில் ஒன்று சேர்ந்து கான்கார்டு ஆறாகின்றன. கூடுதுறையில் வளர்ந்த எனக்கு அதை முதலில் பார்த்தபோது கண் கலங்கிவிட்டது.

லேண்ட் ட்ரஸ்ட் ஆட்கள் களை பிடுங்கவும் பாதையில் பலகை போடவும் ஆள் கூப்பிடும்போது மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், நானும் இருப்பேன். பாப்பா கைக்கு ஏற்ற உறை என்னிடம் இருக்கிறது, வாங்க வேண்டாம்.