அப்பா எழுதிய 130/80

கேள்வி: எனக்கு ஊர் குழித்துறைப் பக்கம். அரசுக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். முடித்து, இங்கிலாந்தில் டாக்டராக வேலை பார்க்கத் தேவையான பிளாப் தேர்வு எழுதி, 14 வருஷமாக இங்கிலாந்தில் முதியோர் மருத்துவம் பார்க்கிறேன். ஞாயிறுதோறும் அப்பா போனில் பிரஷர் அளவு சொல்வார். போன தை மாதம் காலையில் எழுப்பப் போன அம்மா, ஒரு பக்கம் விழுந்து கிடந்தவரைத்தான் பார்த்தாள். நான் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவருடைய நோட்டில் வாரா வாரம் ஒரே எண்: 130/80. மாத்திரை பாதிக்கு மேல் மிச்சம். அரசுக் காசில் படித்துவிட்டு ஊரார் அப்பன்களைப் பார்த்தேன், என் அப்பாவைப் பார்க்கவில்லை. வேலையை விட்டுவிட்டு ஊருக்கே வந்துவிடட்டுமா?

பதில்: டாக்டரம்மா, பிரஷர் காலையில் ஒன்று, படியேறினால் ஒன்று, பேத்தி போனில் அழுதால் ஒன்று. வாரா வாரம் 130/80 என்றால் மெஷின் பெட்டியை விட்டு வெளியே வரவே இல்லை. வேறு நோயாளி அந்த நோட்டைக் கொண்டுவந்திருந்தால் ஒரே நிமிஷத்தில் பிடித்திருப்பீர்கள். “ஒண்ணுமில்ல மக்களே, நல்லாத்தான் இருக்கேன்” என்று அப்பா சொல்லும்போது எந்த மகள் டாக்டராகக் கேட்பாள்? பக்கத்து அறையில் இருந்த என்னையே என் அப்பா ஏமாற்றினார். மாத்திரையை வெற்றிலையோடு சேர்த்துத் துப்பிவிடுவார்.

பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு, அது தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரக் கணக்கு. தூக்கத்தில் வந்த பக்கவாதத்துக்கு அந்தக் கணக்கை எங்கிருந்து தொடங்குவது? இது என்னைவிட உங்களுக்குத் தெரியும். அடுத்த கட்டிலில் நீங்கள் படுத்திருந்தாலும் அந்த ராத்திரி மாறியிருக்கும் என்று சொல்வதற்கில்லை. மாத்திரை விஷயம் வேறு. கூட இருந்திருந்தால் விழுங்க வைத்திருக்கலாம். அதை மறுத்து உங்களைத் தேற்ற மாட்டேன். அந்த வருத்தம் நியாயமானது, இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆனால் அந்த வருத்தத்தையும் ஊருக்குப் பட்ட கடனையும் ஒரே கணக்கில் எழுதாதீர்கள். 1922-ல் எவரெஸ்ட் பனிச்சரிவில் ஏழு சுமைதூக்கிகள் செத்தார்கள். அந்தப் பயணத்தில் இருந்த ஆங்கிலேய சர்ஜன் சோமர்வெல், வெள்ளைக்காரர் ஒருவர்கூடச் சாகவில்லையே என்று வெந்தார். அதே வருஷம் உங்கள் பக்கத்து நெய்யூர் ஆஸ்பத்திரியில் காத்திருந்த கூட்டத்தைப் பார்த்தவர், லண்டனில் காத்திருந்த எதிர்காலத்தை விட்டுவிட்டு அங்கேயே வேலைக்கு வந்தார். குற்ற உணர்ச்சிதான் இழுத்து வந்தது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். அவர் வேலை பார்த்தார், அவ்வளவுதான். 1924-ல் மறுபடி எவரெஸ்டுக்கும் போனார், அதையும் சொல்லிவிட வேண்டும்!

ஆகவே திவசம் கழியும்வரை ராஜினாமா வேண்டாம். நீண்ட விடுப்பு கேளுங்கள். உங்கள் தமிழ்நாட்டு மருத்துவக் கவுன்சில் பதிவு உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். களியக்காவிளை தாண்டிப் பாறசாலையில் வேலை என்றால் கேரளப் பதிவும் வேண்டும். முதியவர்களைப் பார்க்கத் தெரிந்த டாக்டர், இரண்டு பக்கமும் தேவை.

அதற்கெல்லாம் முன்னால், வருகிற ஞாயிறு அம்மாவிடம் எண்ணைக் கேட்காதீர்கள். வீடியோ காலில் மெஷினை முன்னால் வைத்துப் பட்டையைக் கட்டச் சொல்லுங்கள், காற்று ஏறி இறங்கும்வரை பேசாமல் பாருங்கள்.