கோதிக் கவிதையில் அந்தத் திகில் எங்கிருந்து வருகிறது?

மோனை, உருவகம், குறியீடு என்று பட்டியல் போடத் தெரிகிறது, ஆனால் இவை எப்படி ஒரு கோதிக் கவிதைக்குள், அதாவது மரணமும் மர்மமும் அச்சமும் சூழ்ந்த வகைக் கவிதைக்குள், அந்த இருண்ட சூழலைக் கொண்டுவருகின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் கல்லூரியில் அந்தப் பட்டியலை எழுதி மதிப்பெண் வாங்கியவன்தான். ரொம்ப நாள் கழித்து அமெரிக்கக் கவிஞர் எட்கர் ஆலன் போ 1845-ல் வெளியிட்ட 'தி ரேவன்' கவிதையை வாய்விட்டு வாசித்தபோதுதான் விஷயம் பிடிபட்டது, அதனால் அதை வைத்தே சொல்கிறேன்.

கதை சின்னது. டிசம்பர் மாத நள்ளிரவு, கணப்பில் தணல் அணைந்துகொண்டிருக்கிறது, இறந்துபோன காதலி லெனோரை மறக்கப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறான் ஒருவன். கதவு தட்டும் சத்தம். திறந்தால் வெறும் இருட்டு. அப்புறம் ஜன்னலைத் திறக்கிறான், ஓர் அண்டங்காக்கை உள்ளே வந்து கதவுக்கு மேலிருக்கும் பல்லாஸ் என்ற கிரேக்க தேவதையின் சிலைமீது உட்கார்ந்துகொண்டு, எதைக் கேட்டாலும் 'நெவர்மோர்' என்கிறது. இனி ஒருபோதும் இல்லை என்று அர்த்தம்.

இப்படிச் சொன்னால் பயம் வரவில்லை, இல்லையா? ஆங்கில வாசகனுக்கு அந்தப் பறவையே அபசகுனம், பாதி வேலை அங்கேயே முடிந்துவிடுகிறது. நமக்கோ காக்கை கத்தினால் விருந்தாளி வருவார், அமாவாசைக்குக் கூப்பிட்டுச் சோறு வைப்போம். அப்படியிருந்தும் வாசிக்கும்போது வயிற்றை ஏதோ பிசைகிறதே, அது எதனால் என்று யோசித்தால், என் கணக்கில் முக்கால்வாசி ஓசைதான்.

மொத்தம் 18 பத்திகள், ஒவ்வொன்றிலும் 6 அடிகள். அதில் 2, 4, 5, 6 ஆகிய அடிகள் எல்லாமே 'ஓர்' என்ற ஒலியில் முடியும்: டோர், ஃப்ளோர், லெனோர், மோர். ஏதோ ஒரு பத்தியில் இல்லை, பதினெட்டிலும் இப்படித்தான், ஆக 72 முறை. நம் யாப்பில் இயைபு என்போமே, அதை இவ்வளவு பிடிவாதமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறார். ஆரம்பத்தில் காது அதைக் கண்டுகொள்ளாது, ஆனால் பாதியைத் தாண்டும்போது அடி முடிவதற்கு முன்பே அந்த ஒலி உள்ளே கேட்டுவிடும், பறவை என்ன சொல்லப்போகிறது என்பது நமக்கும் அவனுக்கும் தெரியும், தெரிந்தும் தப்பிக்க வழி இல்லை. போதாததற்கு ஐந்து அடிகள் நீளமாக ஓடிவந்து ஆறாவது சட்டென்று குட்டையாக நிற்கும், ஒவ்வொரு முறையும் சுவரில் போய் முட்டிக்கொள்கிற மாதிரி.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. பறவை வாய் திறப்பது எட்டாவது பத்தியில்தான். அதுவரை பெரும்பாலும் 'நத்திங் மோர்' என்றே பத்தி முடியும்: யாரோ விருந்தாளி, வேறொன்றுமில்லை, காற்றுதான், வேறொன்றுமில்லை. அவன் தன்னைத் தேற்றிக்கொள்ளச் சொன்ன அந்த 'மோர்' அப்படியே பறவையின் வாய்க்குப் போய் 'நெவர்மோர்' ஆகிவிடுகிறது.

மோனைக்கு மூன்றாம் பத்தியைப் பாருங்கள். ஊதாத் திரைச்சீலை அசைகிறது, 'சில்க்கன், சேட், அன்செர்ட்டன் ரஸ்லிங்' என்று ஸகரத்தை அடுக்குகிறார். சொல்லிப் பாருங்கள், துணி உரசும் சத்தம் உங்கள் வாயிலிருந்தே வரும்.

குறியீடு பற்றி எல்லோரும் பக்கம் பக்கமாக எழுதுவார்கள், நான் நீட்டவில்லை. வெள்ளைச் சலவைக்கல் சிலையின்மேல் கறுப்புப் பறவை, வெளியே புயல், உள்ளே அமைதி, இந்த முரண்களைத் திட்டமிட்டே வைத்ததாக 1846-ல் ஒரு கட்டுரையில் போவே சொல்கிறார். 'ஓ'வும் 'ர்'ரும் சேர்ந்த ஒலியைத்தான் முதலில் முடிவு செய்தாராம், பிறகு அதற்கேற்ற சொல், பிறகுதான் அதைச் சொல்லப் பறவை. அதுவும் முதலில் மனதில் வந்தது கிளியாம்! எல்லாவற்றையும் கணக்குப் போட்டே எழுதினேன் என்பதை நான் பாதிதான் நம்புகிறேன், ஆனால் ஒலி முந்தி, பறவை பிந்தி என்பது மட்டும் கவிதையை வாசித்தாலே தெரிகிறது.

சரி, ஓசை மட்டும் போதுமா என்றால் போதாது. பறவையின் பதில் மாறுவதே இல்லை, அவன் கேள்விகள்தான் மாறுகின்றன. முதலில் சிரித்துக்கொண்டே உன் பெயர் என்ன என்கிறான். பிறகு என் துயரத்துக்கு மருந்து உண்டா என்கிறான், கடைசியில் சொர்க்கத்திலாவது லெனோரை அணைப்பேனா என்கிறான். என்ன பதில் வரும் என்று தெரிந்தே கேட்கிறான். பேய் என்று எதுவுமே வராத கவிதை இது, ஒரு மனுஷன் தன் புண்ணைத் தானே கிளறுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறோம்.

அப்புறம் கடைசிப் பத்தி. அதுவரை நடந்ததெல்லாம் இறந்தகாலத்தில் சொன்னவன் இங்கே நிகழ்காலத்துக்கு வந்துவிடுகிறான். பறவை உட்கார்ந்திருந்தது இல்லை, 'ஸ்டில் இஸ் சிட்டிங்', இன்னும் உட்கார்ந்திருக்கிறது. விளக்கு வெளிச்சத்தில் அதன் நிழல் தரையில் விழுகிறது, அந்த நிழலுக்குள் இவன் உயிர் கிடக்கிறது. வினைச்சொல்லின் காலத்தை மாற்றியதைத் தவிர அவர் வேறு எதுவும் செய்யவில்லை. முதல் இரண்டு வாசிப்பில் நான் இதைக் கவனிக்கவே இல்லை, விடைத்தாளிலும் எழுதியதில்லை.