வாசகர் கேள்வி–பதில்: டைக்குள் மாட்டிக்கொண்ட பித்தளைக் கூடு

கேள்வி: .308 வின்செஸ்டர் ரைஃபிளுக்கு நானே ரீலோட் செய்ய, அதாவது சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டையே மறுபடி நிரப்ப ஆரம்பித்திருக்கிறேன். சுட்ட கூடுகளைப் பழைய அளவுக்குக் கொண்டுவரும்போது நாலாவது கூடே டை என்கிற எஃகு அச்சுக்குள் சிக்கிவிட்டது. கூட்டை டைக்குள் அழுத்தும் பிரஸ்ஸின் கைப்பிடியை வேகமாக இழுத்தேன், அடிவிளிம்பு பிய்ந்து கையோடு வந்துவிட்டது, கூடு உள்ளேயே நிற்கிறது. இத்தனைக்கும் வழுக்குவதற்கான லூப் ஸ்ப்ரே அடித்துத்தான் போட்டேன். எங்கே தப்பு?
(வாசகர், ஆஸ்டின், டெக்சாஸ்)

பதில்: அடித்தீர்கள், சரி. காயவிட்டீர்களா? ஸ்ப்ரேயில் இருப்பது பெரும்பாலும் ஆல்கஹாலில் கரைத்த லானோலின், அதாவது ஆட்டு ரோமத்துக் கொழுப்பு. ஆல்கஹால் பறந்துபோய்க் கொழுப்பு மட்டும் மெல்லிய படலமாக நின்றால்தான் வழுக்கும், ஈரத்தோடு டைக்குள் விட்டால் உள்ளே போவது ஆல்கஹால்தான். இன்னொன்று, வரிசையாக நிற்கவைத்து ஒரே பக்கமிருந்து அடித்தால் மறுபக்கம் காய்ந்தே இருக்கும். தட்டில் படுக்கப்போட்டு அடித்து, உருட்டி, இன்னொரு தரம் அடித்து, ஐந்து நிமிஷமாவது விட்டுவிடுங்கள். நானும் முதல் வருஷம் சாப்பாட்டு நேரத்து அவசரத்தில் இதே மாதிரி ஒன்றை மாட்டவைத்தவன்தான்.

லூப் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், சுடும்போது சேம்பருக்குள், அதாவது துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறைக்குள், சதுர அங்குலத்துக்கு சுமார் 60,000 பவுண்டு அழுத்தம் வருகிறது. கூடு உப்பிப் போய் சேம்பர் சுவரில் ஒட்டிக்கொண்டு, அழுத்தம் இறங்கியதும் கொஞ்சம் சுருங்கும், ஆனால் பழைய அளவுக்குத் திரும்பாது. அந்த மிச்சத்தைத்தான் டை நெருக்கிக் குறைக்கிறது. 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த மெத்தென்ற பித்தளை, நடுவில் படலம் இல்லாமல் எஃகோடு உரசினால் இழுபட்டு அப்படியே அப்பிக்கொள்ளும். பிரஸ் கைப்பிடியின் நெம்புவிசை பெரிது, அதனால் கைக்குத் தெரிவதற்குள் காரியம் கெட்டுவிடும். பாதியில் கனமாகத் தோன்றினால் பலத்தைக் கூட்டாதீர்கள், வெளியே எடுத்து மறுபடி தடவுங்கள்.

அதற்காக அள்ளிப் பூசவும் கூடாது. மிஞ்சிய எண்ணெய் கூட்டின் தோள் பக்கம், கழுத்துக்குக் கீழே சரியும் இடத்தில், ஒதுங்கி, போக வழியில்லாமல், நசுங்கவும் மாட்டாமல், பித்தளையையே உள்ளே குழித்துவிடும். சின்னக் குழி அடுத்த முறை சுடும்போது தானே நிமிர்ந்துவிடும், ஆழமாக மடிப்பு விழுந்ததைத் தூக்கிப்போடுங்கள். கூட்டின் உடம்புக்குத்தான் தடவ வேண்டும், தோளில் கைபடாமல் பார்த்துக்கொண்டால் போதும். அப்புறம் கழுத்தின் உட்புறம்: கழுத்தை விரிக்க டையின் நடுக்கம்பியில் இருக்கும் உருண்டை வெளியே வரும்போது பூனை கத்துவது போலக் கீச்சென்றால் அங்கே காய்ந்திருக்கிறது என்று அர்த்தம். அப்படியே இழுத்தால் கழுத்து நீளும், தோளும் முன்னால் நகரும். பிரஷ்ஷால் கொஞ்சம் கிராஃபைட் பொடி தொட்டுவிடுங்கள்.

இப்போது சிக்கியதை எடுக்க, முதலில் டையின் நடுக்கம்பியைத் திருகி முடிந்தவரை மேலே ஏற்றுங்கள். கூட்டின் அடியில் பிரைமர் (வெடிமருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி) இருந்த குழியில் துளை போட்டு, மரை வெட்டி, வாஷரோடு போல்ட்டை முடுக்கினால் கூடு மெல்ல இறங்கி வரும். இதற்கென்றே ஒரு கிட் கடையில் கிடைக்கிறது, அதையே வாங்கிவிடுங்கள். டைக்குள் பித்தளைத் துணுக்கு ஒட்டியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள், விட்டால் இனி வரும் ஒவ்வொரு கூட்டிலும் கோடு போடும்.

மறக்கக் கூடாதது ஒன்று. அளவாக்கிய பிறகு லூப்பைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுத்தான் பிரைமரும் வெடிமருந்தும். எண்ணெய்ப் பசையோடு சுட்டால் கூடு சேம்பர் சுவரைப் பிடித்துக்கொள்ளாமல் வழுக்கி, பின்னால் சேம்பரை அடைத்து நிற்கும் ரைஃபிள் போல்ட்டின் மேல் விழும் உதை கூடும். பிரைமரில் எண்ணெய் பட்டால் அது வெடிக்காமலே போகலாம்.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் என் மருமகன் ரீலோட் செய்வதைப் பார்த்தேன். இதை நாம் இங்கே வீட்டில் செய்யலாமா?
(வாசகர், மதுரை)

பதில்: கூடாது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம்.

கேள்வி: கூடுகளைப் பளபளப்பாக்கக் குத்துவிளக்கு மாதிரி புளி போட்டுத் தேய்க்கச் சொல்கிறார் மாமியார். நான் அமோனியா கலந்த பாலிஷ் வாங்கி வைத்திருக்கிறேன். எது நல்லது?
(வாசகர், நியூ ஜெர்சி)

பதில்: மாமியார் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. இங்கேயும் பலர் சிட்ரிக் அமிலம் கரைத்த தண்ணீரில்தான் கழுவுகிறார்கள், புளி செய்வதும் அதே மாதிரி வேலைதான். ரொம்ப நேரம் ஊறப்போட்டால் துத்தநாகம் கரைந்து கூடு ரோஜா நிறமாகிவிடும், சில நிமிஷத்தில் எடுத்து நன்றாக அலசி உலர்த்துங்கள். அமோனியா பாலிஷை விளக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள், தோட்டாக் கூட்டுக்கு வேண்டாம். 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் ராணுவம் இதை அனுபவித்தது. மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக்களின் கூடுகள் யாரும் தொடாமலே வெடிப்பு விட்டன. குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பிய அமோனியாவும் ஈரக்காற்றும், உற்பத்தியின்போதே பித்தளைக்குள் தங்கிவிட்ட இறுக்கத்தோடு சேர்ந்து செய்த வேலை அது. மழைக்காலத்தில் வந்ததால் ‘சீசன் கிராக்கிங்’ என்று பேர் வைத்தார்கள், காரணம் தெளிவானது 1921இல்தான்.