திமிங்கலம் ஏன் மீன் இல்லை? விலங்குகளை எதை வைத்து இனம் பிரிக்கிறார்கள்?

கேட்டவர் எழுதியிருப்பது இது: "என் மகள் ஆறாம் வகுப்பு. திமிங்கலம் மீன் இல்லை, வௌவால் பறவை இல்லை என்று பாடத்தில் வருகிறது. 'தண்ணியில இருக்கிறதெல்லாம் மீன்தானேப்பா, பறக்கிறதெல்லாம் பறவைதானே?' என்கிறாள். விலங்குகள் தாமாகவே சூழலுக்கு ஏற்ப உடம்பை மாற்றிக்கொள்கின்றனவா என்றும் கேட்கிறாள். எப்படிச் சொல்லிப் புரியவைப்பது?"

உங்கள் மகள் நல்ல கேள்வி கேட்டிருக்கிறாள். அவளுக்கு நான் பாடப் புத்தகத்திலிருந்து ஆரம்பிக்க மாட்டேன், மீன் கூடையிலிருந்து ஆரம்பிப்பேன். எனக்கு ஊர் கடலூர் முதுநகர் பக்கம் ஒரு குப்பம். அம்மா மீன் விற்றுத்தான் எங்களைப் படிக்கவைத்தது. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்தில் படித்தேன். இப்போது புதுச்சேரியில் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் எடுக்கிறேன். ஆனால் இனம் பிரிப்பது என்றால் என்ன என்பதை முதலில் கற்றுக்கொண்டது எங்கள் வீட்டு வாசலில்.

அம்மா துறைமுகத்தில் ஏலம் எடுத்த மீனைக் கொண்டுவந்து வாசலில் சாக்கு விரித்துக் கொட்டும். கூறு கட்டுவதற்கு முன் ரகம் பிரிக்க வேண்டும், அதற்கு நானும் உட்காருவேன். சுறாவும் திருக்கையும் ஒரு பக்கம் போகும். நாக்கு மீன் வேறு பக்கம். ஏழெட்டு வயதில் எனக்கு இது புரியவில்லை. திருக்கையும் தட்டை, நாக்கு மீனும் தட்டை. இரண்டும் மணலோடு மணலாகப் படுத்துக்கிடப்பவை. சுறா எங்கே, திருக்கை எங்கே? ஒரு நாள் திருக்கையைத் தூக்கி நாக்கு மீன் பக்கம் வைத்தேன். அம்மா ஒன்றும் சொல்லாமல் எடுத்து மறுபடி சுறாவோடு போட்டது. ஏன் என்று கேட்டதற்கு, "இதுல முள்ளே கிடையாதுடி, எல்லாம் குருத்து. செவுளைப் பாரு, மூடி இல்லாம கத்தியால கீறுன மாதிரி இருக்கு. சுறாவுக்கும் அப்படித்தான்" என்றது.

அம்மா பார்த்ததைத்தான் விலங்கியலும் பார்க்கிறது. சுறா, திருக்கை இரண்டும் குருத்தெலும்பு மீன்கள். செவுள் மூடி இல்லாத பிளவுகள், முதுகெலும்பு உட்பட எல்லாம் குருத்து. திருக்கையின் மூதாதைகள் கடல் தரையோடு வாழப் பழகியதில் உடம்பு மேலும் கீழுமாக அமுங்கியது. வயிறு தரையில், கண் முதுகுப் பக்கம், வாய் அடியில். வாய் மணலில் கிடந்தால் தண்ணீரை எப்படி இழுப்பது? கண்ணுக்குப் பின்னால் இரண்டு ஓட்டைகள் இருக்கும், கவனித்துப் பாருங்கள். அந்த வழியாகத்தான் தண்ணீரை உள்ளே வாங்கி, அடியில் இருக்கும் செவுள் பிளவு வழியாக வெளியே விடும்.

நாக்கு மீன் தட்டையான கதையே வேறு. அது வயிற்றில் படுத்த மீன் இல்லை, ஒருக்களித்துப் படுத்த மீன். குஞ்சாக இருக்கும்போது எல்லா மீனையும் போலப் பக்கத்துக்கு ஒரு கண்ணோடு நிமிர்ந்துதான் நீந்தும். வளர வளர வலது கண் மெல்ல நகர்ந்து, மண்டையைத் தாண்டி, இடது பக்கம் வந்துவிடும். அப்புறம் மீன் வலது விலாவில் சாய்ந்து வாழ்நாள் முழுக்க அப்படியே கிடக்கும். முதுகு என்று நாம் நினைக்கிற பழுப்புப் பக்கம் அதன் இடது விலா. அடிவயிறு என்று நினைக்கிற வெள்ளைப் பக்கம் வலது விலா. வாய் கோணிக்கொண்டு இருப்பதும் அதனால்தான்.

ஆக, இரண்டுக்கும் குடியிருப்பு ஒன்று, பூர்வீகம் வேறு. நம் ஊரில் புதிதாக ஒருவரைப் பார்த்தால் "இப்போ எங்க இருக்கீங்க" என்று கேட்டுவிட்டு, "பூர்வீகம் எது" என்றும் கேட்கிறோமே, அந்த மாதிரி இரண்டு தனிக் கேள்விகள். இனம் பிரிப்பது பூர்வீகத்தைக் கேட்பது. தகவமைப்பு என்று பாடத்தில் வருவது குடியிருப்பைப் பற்றியது. உங்கள் மகள் இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொண்டதால்தான் குழப்பம். பெரியவர்களுக்கும் இதே குழப்பம் உண்டு.

பூர்வீகத்தைப் பிடித்துக்கொண்டு போனால் சில இடங்களில் திகைத்துப் போவோம். வஞ்சிரத்துக்கும் சுறாவுக்கும் உள்ள உறவைவிட வஞ்சிரத்துக்கும் நமக்கும் உள்ள உறவு நெருக்கமானது. வஞ்சிரத்தின் வம்சமும் நம் வம்சமும் எலும்புள்ள ஒரே மூதாதையிடமிருந்து பிரிந்தவை. சுறாவின் கிளை அதற்கும் முன்பே பிரிந்து போய்விட்டது. 'மீன்' என்பதே ஒரு குடும்பத்தின் பெயர் இல்லை, தண்ணீரில் செவுளோடும் துடுப்போடும் வாழும் பல குடும்பங்களுக்கு நாம் வைத்த பொதுப் பெயர். இதை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் ஐந்து நிமிடம் என்னை விட மாட்டார்கள்.

இனி திமிங்கலம். அதற்கு முன் ஆமையைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த விஷயம் எனக்கு உறைத்தது ஆமையால்தான். தை, மாசியில் எங்கள் கரைக்குப் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும். பத்து வயதிருக்கும்போது தேவனாம்பட்டினம் கரையில் பெரிய ஆமை ஒன்று செத்து ஒதுங்கிக்கிடந்தது. உடம்பில் ஒரு காயம் இல்லை. அப்பா அதன் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "வலையில மாட்டி மூச்சு முட்டிச் செத்திருக்கு" என்றார். கடலிலேயே வாழ்கிற ஒன்று கடலில் எப்படி மூச்சு முட்டிச் சாகும் என்று அன்று ராத்திரி முழுக்க யோசித்தேன். அதற்குச் செவுள் இல்லை, நுரையீரல்தான். இழுவலைக்குள் சிக்கி மேலே வர முடியாமல் போனால் அவ்வளவுதான். ஆமை ஊர்வன இனம், பூர்வீகம் தரை. கால்கள் துடுப்பாகிவிட்டன, ஆனால் அந்தத் துடுப்பை அறுத்துப் பார்த்தால் உள்ளே ஐந்து விரலும் இருக்கும். கண்ணோரம் வழிகிறது என்று சொல்கிற கண்ணீர், உடம்பில் மிகுந்த உப்பை வெளியேற்றும் சுரப்பியிலிருந்து வருவது. அது கடல் வாழ்க்கை தந்தது. ஆனால் முட்டையை மட்டும் கடலில் இட முடியாது. ஓட்டுக்குள் இருக்கும் குஞ்சுக்குக் காற்று வேண்டும். அதனால்தான் அவ்வளவு பெரிய உடம்பை மணலில் இழுத்துக்கொண்டு வந்து, குழி தோண்டிச் சுமார் நூறு முட்டை இட்டுவிட்டுப் போகிறது. ஒரு விலங்கின் இனத்தைத் தெரிந்துவைப்பது பரீட்சைக்கு மட்டும் இல்லை என்பதை நான் இங்கேதான் உணர்ந்தேன். ஆமையை மீன் என்று நினைத்தால் அது வலையில் சாகும் காரணமே நமக்குப் பிடிபடாது.

திமிங்கலமும் ஓங்கிலும் (டால்பின்) அப்படித்தான், தரையிலிருந்து கடலுக்குப் போனவை. நுரையீரல், குட்டிக்குப் பால், சூடான ரத்தம் எல்லாம் பாலூட்டிச் சொத்து. மீன் வாலைப் பக்கவாட்டில் வீசும், ஓங்கில் மேலும் கீழும் அடிக்கும். நாய் பாய்ந்து ஓடும்போது முதுகு வளைந்து நிமிர்வதைப் பாருங்கள், அதே அசைவுதான். இன்று உயிரோடு இருப்பவற்றில் திமிங்கலத்துக்கு நெருங்கிய சொந்தம் நீர்யானை. சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் நான்கு காலோடு நடந்த அதன் மூதாதைகளின் எலும்புகள் பாகிஸ்தானில் கிடைத்திருக்கின்றன. உயிர்களுக்கு இரண்டு சொல்லில் அறிவியல் பெயர் வைக்கும் இருபெயர் முறையை நிலைநிறுத்திய லின்னேயஸ்கூட 1735-இல் தன் 'சிஸ்டமா நேச்சுரே' நூலில் திமிங்கலத்தை மீன்களோடுதான் வைத்தார், அதன் 1758 பதிப்பில்தான் பாலூட்டிகளோடு சேர்த்தார். அதே பதிப்பில் வௌவாலை மனிதனும் குரங்கும் இருக்கும் வரிசையில் வைத்தார், அது பிறகு மாறியது. உங்கள் மகள் தடுமாறிய இரண்டு இடங்களிலும் அவரும் தடுமாறியிருக்கிறார் என்று அவளிடம் சொல்லுங்கள். வௌவாலின் இறக்கை, நீண்ட விரல்களுக்கு நடுவே தோல் விரித்த கை. பறவையின் இறக்கையில் விரல்கள் குறைந்து ஒட்டிப்போயிருக்கும், பறக்கும் பரப்பைத் தருவது இறகு. இதற்கு மேல் இதில் சொல்ல வேண்டியதில்லை.

உருவமே ஏமாற்றினால் பூர்வீகத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? இன்று டி.என்.ஏ. இருக்கிறது. அதற்கு முன்பு குஞ்சுப் பருவம் நிறையச் சொல்லிக்கொடுத்தது. படகைக் கரையேற்றி அடிப்பக்கம் சுரண்டுகிறவர்களுக்குத் தெரியும், வெள்ளையாக, கூம்பாக, சிப்பி மாதிரி ஒன்று அப்பிக்கொண்டிருக்கும். ஆங்கிலத்தில் 'பார்னக்கிள்' என்பார்கள். கையை வைத்தால் கிழித்துவிடும். பிச்சாவரத்தில் சுரபுன்னை வேர்களிலும் பார்க்கலாம். ஓடு இருக்கிறது, நகர்வதில்லை. அதனால் வெகுகாலம் அதைச் சிப்பி, நத்தை இருக்கும் மெல்லுடலிகளோடு வைத்திருந்தார்கள். 1830-இல் ஜான் வாகன் தாம்சன் என்ற ஆய்வாளர் அதன் குஞ்சு வளர்வதைப் பார்த்து எழுதினார், அது இறால், நண்டின் சொந்தம். டார்வின் 1846-லிருந்து 1854 வரை எட்டு வருடம் இந்த ஒன்றைத்தான் ஆராய்ந்தார்.

பரங்கிப்பேட்டையில் படிக்கும்போது வெள்ளாற்று முகத்துவாரத்துத் தண்ணீரை மெல்லிய வலையால் வடித்துக்கொண்டுவந்து நுண்ணோக்கியில் பார்ப்போம். அதில்தான் அந்தக் குஞ்சை முதன்முதலில் பார்த்தேன். நெற்றியில் ஒற்றைக் கண், மூன்று ஜோடிக் கால், முன்பக்கம் இரண்டு சின்னக் கொம்பு, விட்டு விட்டுத் துடித்து நீந்துகிறது. இறால் பொரிப்பகத்தில் 'நாப்ளி' என்பார்களே, முட்டையிலிருந்து வரும் முதல் பருவம், அதற்கும் இதே ஒற்றைக் கண், இதே மூன்று ஜோடிக் கால். கொம்பு மட்டும்தான் இதற்கு அதிகம். படகடியில் ஒட்டுவது வளர்ந்த பின் தலையைக் கீழே வைத்து ஒட்டிக்கொண்டு, சுற்றி ஓடு கட்டி, காலை வெளியே நீட்டி இரையை அள்ளி உள்ளே தள்ளுகிறது. ஓரிடத்தில் ஒட்டி வாழும் வாழ்க்கை உருவத்தையே மாற்றிவிட்டது, ஆனால் குஞ்சைக் கேட்டால் பூர்வீகத்தைச் சொல்லிவிடுகிறது.

நம் தமிழிலும் இந்தத் தேடல் உண்டு. தொல்காப்பியத்தில் மரபியல் என்ற பகுதி உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் பிரிக்கிறது. அடிப்படை வேறு, வம்சத்தை அது கேட்கவில்லை. இருந்தும் "நண்டும் தும்பியும் நான்கறி வினவே" என்று நண்டையும் தும்பியையும் ஒரே வரியில் வைத்திருப்பதைப் பார்த்து எனக்கு ஒவ்வொரு முறையும் மனசு நிறைந்துபோகும். ஒன்று தண்ணீரில், ஒன்று காற்றில், ஆனால் இரண்டும் கணுக்காலிகள்.

அடுத்த கேள்வி, விலங்கு தானாக உடம்பை மாற்றிக்கொள்கிறதா? இங்கே இரண்டு விஷயங்கள் கலந்துவிடுகின்றன. இறால் குளத்தில் குஞ்சு விடுகிறவர்கள் பையைப் பிரித்து அப்படியே கொட்ட மாட்டார்கள். குளத்துத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பையில் கலந்து, உப்புக்குப் பழக்கி, அப்புறம் விடுவார்கள். கொடுவா மீன் கடலுக்கும் ஆற்றுக்குமாகப் போய்வரும், அதன் செவுளும் சிறுநீரகமும் தண்ணீருக்குத் தக்க வேலையை மாற்றிக்கொள்ளும். இது ஒரு உயிர் தன் ஆயுளுக்குள் செய்துகொள்வது. ஆனால் அப்படிப் பழகிக்கொள்ளும் திறமையே உடம்பில் எப்படி வந்தது என்பது பல தலைமுறைக் கதை. எந்த நாக்கு மீனும் முயன்று கண்ணை நகர்த்தவில்லை. குஞ்சுகள் எல்லாம் ஒரே மாதிரிப் பிறப்பதில்லை. கொஞ்சம் வேறாகப் பிறந்ததில் எதற்கு அந்த இடத்தில் பிழைக்க வசதி கூடுதலோ, அதன் வாரிசுகள் பெருகும். 2008-இல் வெளியான ஓர் ஆய்வு, இத்தாலியில் கிடைத்த சுமார் 5 கோடி ஆண்டுப் பழைய தட்டை மீன் தொல்லெச்சங்களைக் காட்டியது. வளர்ந்த மீன்தான், ஆனால் கண் பாதி வழி மட்டுமே நகர்ந்திருக்கிறது.

இதை நேரில் காட்ட வேண்டுமானால் கிள்ளைக்கோ பிச்சாவரத்துக்கோ கூட்டிப்போங்கள். தண்ணீர் வற்றியிருக்கும் நேரம் சேற்று மேட்டைப் பொறுமையாகப் பாருங்கள். விரல் நீளத்தில் ஒரு மீன், ஆங்கிலத்தில் 'மட்ஸ்கிப்பர்' என்பார்கள், சேற்றின் மேல் முன்துடுப்பை ஊன்றி நடந்து போகும், பயந்தால் துள்ளும். கண் இரண்டும் தலை உச்சியில் தவளைக்கு இருப்பதுபோல் துருத்திக்கொண்டிருக்கும். செவுள் அறையில் தண்ணீரை அடக்கி வைத்திருக்கும், ஈரத்தோலாலும் வாயின் உள்தோலாலும் காற்றை உறிஞ்சும். கண் காய்ந்தால் குழிக்குள் இழுத்து நனைத்துக்கொண்டு வெளியே விடும். அவள் உடனே "இது தவளை ஜாதியா?" என்று கேட்பாள். இல்லை, துடுப்புக் கதிரும் செவுள் மூடியும் உள்ள அசல் மீன், தரைக்கு வந்து போகிற மீன். ஆமைக்கு நேர்மாறு.

அவ்வளவு தூரம் போக முடியாவிட்டால் மீன் அங்காடி போதும். ஒரு வெள்ளை வவ்வால் மீனும் ஒரு கருப்பு வவ்வால் மீனும் வாங்குங்கள். பெயரும் ஒன்று, அகலமான உருவமும் ஒன்று. ஆனால் வெள்ளை வவ்வாலுக்கு நெருங்கிய உறவு வஞ்சிரமும் சூரையும் இருக்கும் பெருங்குடும்பம், கருப்பு வவ்வால் பாரை வம்சம். நான் இதைப் படித்துவிட்டு வந்து அம்மாவிடம் பெருமையாகச் சொன்னபோது, அம்மா கருப்பு வவ்வாலை எடுத்து என் கையில் கொடுத்து, "வாலடியில தடவு" என்றது. வாலிலிருந்து தலைப்பக்கமாக விரலை இழுத்தேன். பாரை மீனுக்கு இருக்கிற அதே சொரசொரப்புச் செதில் வரிசை, கொஞ்சம் மெல்லிதாக. வெள்ளை வவ்வாலில் அந்த இடம் வழவழவென்று இருந்தது.