லெஜெண்ட்ஸா, சூப்பர்கிராஸ் 6-ஆ? மோட்டோகிராஸ் கேம் ஒன்றுதான் வாங்குவேன் என்றால் எதை எடுக்கலாம்?

‘எம்எக்ஸ் வெர்சஸ் ஏடிவி லெஜெண்ட்ஸ்’, ‘மான்ஸ்டர் எனர்ஜி சூப்பர்கிராஸ் 6’ இரண்டின் வீடியோவையும் பார்த்தேன், வித்தியாசமே தெரியவில்லை, பைக் கேம் ஆடிப் பழக்கமில்லை, தினமும் ஒரு மணி நேரம் தனியாகத்தான் ஆடுவேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் சூப்பர்கிராஸ் 6 எடுங்கள். இத்தனைக்கும் நான் அதிகம் ஆடுவது லெஜெண்ட்ஸ்தான்.

வீடியோவில் தெரிவதெல்லாம் மண், பைக், தாவல். அதனால் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றுவதில் தப்பில்லை. ஆனால் ஓட்டுகிற இடமே வேறு. மோட்டோகிராஸ் என்பது மேடு பள்ளமுள்ள திறந்தவெளியில் நடப்பது. பெரிய போட்டிகளில் ஒரு ரேஸ் அரை மணி நேரமும் அதற்கு மேல் 2 லேப்பும் (டிராக்கை முழுசாக 2 சுற்றும்) போகும். சூப்பர்கிராஸ் ஸ்டேடியத்துக்குள் லாரி லாரியாக மண் கொட்டிப் போட்ட டிராக்கில் நடப்பது. 1972-இல் லாஸ் ஏஞ்சலிஸ் கொலிசியத்தில் நடந்த பந்தயத்திலிருந்துதான் அது தனி விளையாட்டாகப் பிரிந்து வளர்ந்தது. இடம் சின்னது, திருப்பங்கள் நெருக்கம், மூச்சு விட்டால் அடுத்த மேடு வந்துவிடும்.

லெஜெண்ட்ஸ் செய்தது ரெயின்போ ஸ்டுடியோஸ். 1998-இல் வந்த ‘மோட்டோகிராஸ் மேட்னஸ்’ இவர்கள் கைவேலைதான். அதில் மேப்பின் ஓரத்து மலையில் ஏறி எல்லையைத் தாண்டினால், யாரோ கவணில் வைத்து எறிந்த மாதிரி பைக்கும் ஆளும் திரும்ப உள்ளே வந்து விழுவார்கள். ரேஸை மறந்துவிட்டு அதை மட்டுமே ஆடியவர்கள் ஏராளம். அந்தச் சுபாவம் 2022-இல் வந்த லெஜெண்ட்ஸிலும் மிச்சமிருக்கிறது. பைக், ஏடிவி (ஹேண்டில்பார் வைத்த நாலு சக்கர வண்டி), யூடிவி (ஸ்டியரிங் வைத்த, ஜீப் மாதிரியான சின்ன வண்டி) மூன்றும் உண்டு. சும்மா சுற்ற இடமுண்டு. காட்டுப் பாதையில் நீளமாக ஓடும் டிரெயில் ரேஸ் உண்டு. களைத்த மூளையோடு உட்கார்ந்தால் எனக்கு இதுதான் பிடிக்கும். ஜெயித்தாலும் ஒன்று, தோற்றாலும் ஒன்று.

புதிதாகக் கற்பவருக்கு இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. விழுந்தால் விழுந்ததுதான். பைக்கை டிராக்கில் நிறுத்திக் கொடுக்கும், நீங்கள் ஓட்டிக்கொண்டு போக வேண்டியதுதான். எந்த மேட்டில், எதனால் விழுந்தோம் என்று பார்க்க அடுத்த லேப் வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் மறந்தே போகும்.

மைல்ஸ்டோன் என்ற இத்தாலிய நிறுவனத்தின் சூப்பர்கிராஸ் 6-இல் (2023) ரீவைண்ட் இருக்கிறது; அழுத்தினால் ஆட்டம் சில விநாடி பின்னால் போகும், அங்கிருந்து மறுபடி ஓட்டலாம். நான் சிபாரிசு செய்யப் பாதிக் காரணம் அந்த ஒரு பட்டன்தான். வூப்ஸ் என்று ஒன்று வரும். வரிசையாகச் சின்னச் சின்ன மண் மேடுகள், பல்பல்லாக. கன்ட்ரோலரின் இடது ஸ்டிக் பைக்கைத் திருப்பும், வலது ஸ்டிக் ஓட்டுபவரின் உடல் எடையை முன்னும் பின்னும் நகர்த்தும். வூப்ஸில் எடையைப் பின்னால் தள்ளி, ஆக்சிலரேட்டரைச் சீராகப் பிடித்தால் முன் சக்கரம் மேடுகளின் தலையை மட்டும் தொட்டுக்கொண்டு போகும். பயந்து விரலை எடுத்தீர்களோ, முன் சக்கரம் இரண்டு மேட்டுக்கு நடுவில் இறங்கும், ஆள் ஹேண்டில்பாரைத் தாண்டிப் போவார். நானும் அங்கே பதினொரு முறை தொடர்ந்து விழுந்தேன். ஒவ்வொரு முறையும் ரீவைண்ட், அதே ஐந்து விநாடி. பன்னிரண்டாவது முறைதான் புரிந்தது: நான்காவது மேட்டில் என் விரல் எனக்கே தெரியாமல் தளர்ந்துகொண்டிருந்தது. லேப் முழுக்கச் சுற்றி வந்து சுற்றி வந்து கற்றிருந்தால் இதைக் கண்டுபிடிக்க வாரம் ஆகியிருக்கும்.

டிரிபிள் ஜம்ப்பும் அப்படியே. மூன்று மேடு, முதல் மேட்டில் ஏறி மூன்றாவதின் இறக்கத்தில் போய் இறங்க வேண்டும். குறைந்தால் மூன்றாவது மேட்டின் உச்சியில் அடிப்பாகம் மோதும். கூடினால் சமதளத்தில் தொம்மென்று விழுந்து வேகம் செத்துவிடும். எத்தனை வேகம் சரி என்பதைச் சொல்லித் தர முடியாது, கைதான் கற்க வேண்டும். ரிதம் அட்டாக் என்று நேர்கோட்டு டிராக்கில் ஒருவருக்கு எதிராக ஒருவர் ஓட்டும் வகையும் இதில் இருக்கிறது. தினம் கால் மணி நேரம் அதை ஆடினாலே கை பழகிவிடும்.

ரீவைண்டுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. அதையே நம்பி இரண்டு வாரம் ஓட்டிவிட்டு ஆன்லைனில் போய் நின்றேன். மற்றவர்களோடு ஓட்டும்போது அந்தப் பட்டன் ஏது? முதல் திருப்பத்திலேயே கடைசி ஆள். ஆகவே முதல் மாதம் தாராளமாக அழுத்துங்கள், பிறகு ஒரு ரேஸுக்கு இரண்டு முறை என்று நீங்களே அளவு வைத்துக்கொள்ளுங்கள்.

கிராபிக்ஸ் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதை வைத்து முடிவு செய்யாதீர்கள், வேறு சொல்ல ஒன்றுமில்லை. நிஜ பைக் மாதிரியே வேண்டும், கணினி இருக்கிறது, அடிபடப் பொறுமையும் இருக்கிறது என்றால் ‘எம்எக்ஸ் பைக்ஸ்’ பக்கம் போகலாம். ஆனால் முதல் கேமாக அதை யாருக்கும் சொல்ல மாட்டேன். நேராக நிறுத்தவே ஒரு மாலை போய்விடும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம். சூப்பர்கிராஸ் கேம்கள் நிஜப் போட்டியின் உரிமம் வாங்கிச் செய்பவை; ஈலை டோமாக் போன்ற நிஜ ஓட்டுநர்களின் பெயரோடு வரும். இப்படி உரிமத்தில் ஓடும் கேம்களைச் சில வருடங்களில் விற்பனையிலிருந்து எடுத்துவிடுவது வழக்கம். உங்கள் கன்சோலின் கடையில் 6 இன்னும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால், புதிய தலைமுறை கன்சோலோ நல்ல கணினியோ இருந்தால், 2025-இல் வந்த ‘சூப்பர்கிராஸ் 25’ எடுக்கலாம். பழைய கன்சோல்தான் என்றால் யோசிக்காமல் லெஜெண்ட்ஸ்.

எதை வாங்கினாலும் கியரை ஆட்டோமேட்டிக்கிலேயே விட்டுவைத்து, முதல் சில நாட்கள் வலது ஸ்டிக்கை மட்டும் பழகுங்கள். இடது கட்டைவிரல் தானாக வந்துவிடும். வலது கட்டைவிரல்தான் சண்டை போடும்.