ரெண்டு சர்வர் வாங்கினால் வேலை நிற்காதா?

கேள்வி: எங்கள் ஆடிட்டர் அலுவலகத்தில் 14 பேர். கோப்புகள் எல்லாம் ஒரே சர்வரில். ரிட்டர்ன் கடைசித் தேதி நெருக்கத்தில் அதன் மதர்போர்டு போய், இரண்டு நாள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். "இரண்டு சர்வரை கிளஸ்டராகப் போட்டுவிட்டால் ஒன்று போனாலும் தெரியவே தெரியாது" என்கிறார் சப்ளையர். வாங்கலாமா?

பதில்: வாங்கலாம். 'தெரியவே தெரியாது' என்பதை மட்டும் பாதி நம்புங்கள்.

கிளஸ்டரில் உங்கள் கம்ப்யூட்டர்கள் தேடிப்போவது ஒரு பொதுப் பெயரையும் ஐ.பி. முகவரியையும்தான், அதன் பின்னால் எந்த சர்வர் நிற்கிறது என்பது அவற்றுக்கு முக்கியமில்லை. சர்வர்கள் இரண்டும் நொடிக்கொரு தரம் ஒன்றையொன்று விசாரித்துக்கொள்ளும். தொடர்ந்து சில முறை பதில் வராவிட்டால், உயிரோடு இருப்பது அந்தப் பெயரையும் முகவரியையும் டிஸ்க்கையும் எடுத்துக்கொள்ளும். சில நொடி ஆகும். சின்ன நாஸ் பெட்டிகளில் (நெட்வொர்க்கில் மாட்டி எல்லோரும் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் டிஸ்க் பெட்டி) சில நிமிடம்கூட ஆகலாம். திறந்திருக்கும் கோப்பு அறுபடாமல் தொடர, விண்டோஸ் சர்வர் 2012-இல் வந்த எஸ்.எம்.பி. 3 என்ற கோப்புப் பகிர்வு முறை வேண்டும். மூலையில் ஒரு விண்டோஸ் 7 கம்ப்யூட்டர் இருந்தால் அதற்கு இந்தச் சலுகை கிடையாது.

கொட்டேஷனில் 'விட்னஸ்' இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு சர்வருக்கும் நடுவிலுள்ள கேபிள் மட்டும் போனால், இரண்டுமே 'மற்றது செத்துவிட்டது' என்று முடிவுகட்டி ஒரே டிஸ்க்கில் எழுதக் கிளம்பலாம், அப்படி நடந்தால் கோப்புகள் நாசம். மூன்றாவது ஓட்டாக விட்னஸ் இருந்தால், பெரும்பான்மை கிடைத்த பக்கம் மட்டும் வேலை செய்யும். இதற்குப் பெரிய செலவில்லை. வேறொரு கம்ப்யூட்டரில் ஒரு ஷேர் ஃபோல்டர் போதும்.

அப்புறம் டிஸ்க். இரண்டு சர்வரும் ஒரே டிஸ்க் பெட்டியைப் பகிர்ந்தால், அந்தப் பெட்டி போனால் எல்லாம் போச்சு. உங்கள் அளவுக்கு, ஒரே மாடலில் இரண்டு நாஸ் வாங்கி, ஒன்றில் எழுதுவது மற்றதிலும் உடனே எழுதப்படும்படி வைப்பதே சிக்கனம் என்பேன். ஸ்விட்ச்சும் யு.பி.எஸ்.ஸும்கூட இரண்டிரண்டாக இருக்கட்டும்.

இது பேக்கப் ஆகாது. யாரோ தவறி அழித்த கோப்பு இரண்டிலும் அழியும். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தால் இரண்டிலும் பூட்டும். தனி பேக்கப்புக்குப் பணம் மிஞ்சாதென்றால் கிளஸ்டரைத் தள்ளிப்போடுங்கள், அதுதான் முதல் செலவு.

கடைசித் தவணையைக் கொடுக்குமுன், எல்லோரும் எக்செல் திறந்து வேலை செய்துகொண்டிருக்கும்போது, ஓடுகிற சர்வரின் பவர் கேபிளை சப்ளையரையே பிடுங்கச் சொல்லுங்கள். இந்த நிபந்தனையை பர்ச்சேஸ் ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள்.